கால்களுக்கு வந்த சேதி

ஓர் ஊரில் ஜெபஸ்தியான் என்று ஒரு பெயிண்டர் இருந்தான். மாடிச் சுவருக்கு வெள்ளையடிக்கும்போது சாரம் சரிந்து விழுந்ததில் அவன் முதுகுத்தண்டு முறிந்தது. அதன்பிறகு இடுப்புக்குக் கீழே அசைவே இல்லை.

அவனுடைய இதயம் மட்டும் ஓயாமல் ரத்தத்தைக் கால்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அங்கிருந்த தசைகள் அதனிடம் ஒன்றையேதான் கேட்கும்.

"நரம்புகிட்டேருந்து சேதி வந்துச்சா?"

"இன்னும் இல்ல."

"வருமா?"

நரம்பின் வழி அறுந்து கிடப்பது இதயத்துக்குத் தெரியும். சொல்லத்தான் மனம் வரவில்லை.

"வரும். கதவைத் திறந்து வச்சிருங்க" என்றது.

தசைகள் நம்பின. சேதி எந்தப் பக்கமாக வந்தாலும் தவறவிடக் கூடாதே என்று, ஒரே வாசல் இருந்த இடத்தில் சுற்றிலும் புதிது புதிதாக வாசல் வைத்தன.

சில வாரங்களில் ஜெபஸ்தியானுக்குக் குடல் முறுக்கிக்கொண்டது. வயிறு உப்பி, பேசக்கூட முடியாமல் வாந்தி எடுத்தான். உடனே ஆபரேஷன் என்றார்கள். அவன் மனைவி பிரகாசி ஸ்ட்ரெச்சரைப் பிடித்துக்கொண்டே ஓடினாள்.

"டாக்டரம்மா, அவருக்குக் காலு..."

"முதல்ல வயித்தைப் பாப்போம்மா. நேரமில்ல" என்றார் மயக்க மருந்து டாக்டர் தேன்மொழி. கதவு மூடிக்கொண்டது.

தசைகளைத் தளர்த்தும் மருந்து ஊசி வழியே இறங்கி இதயத்திடம் வந்து நின்றது.

"என்னைத் தசைகள்கிட்ட கூட்டிட்டுப் போ. அவங்க கொஞ்ச நேரம் அசையாம இருந்தாத்தான் தொண்டையில குழாய் இறக்க முடியும்."

"நீ கூப்பிட்டா திறப்பாங்களா?"

"என் குரல் நரம்போட குரல் மாதிரியே இருக்கும்."

இதயத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அப்போ கால்களுக்கும் வா. ரொம்ப நாளா ஏங்கிக் கிடக்காங்க" என்று அதைத் தன் கையாலேயே தள்ளிவிட்டது.

"வந்துடுச்சு!" என்று கத்தின கால் தசைகள். எல்லா வாசலும் ஒன்றாகத் திறந்தன. கால்கள் துடித்து நடுங்கின. உள்ளே சேர்ந்திருந்த பொட்டாசியம் என்ற உப்பு, திறந்த வாசல் வழியெல்லாம் ரத்தத்தில் பாய்ந்தது.

மருந்து வெலவெலத்துப் போயிற்று. "இத்தனை வாசல் இருக்குன்னு யாரும் எனக்குச் சொல்லலையே!"

உப்பு இதயத்துக்குள் வெள்ளமாகப் புகுந்தது. துடிப்பு தடுமாறியது.

"கொஞ்சம் விலகு. மூச்சு முட்டுது" என்று கெஞ்சியது இதயம்.

"நானா வரேன்? நீதான் இழுக்கிறே. நீ துடிக்கிற வரைக்கும் நான் வந்துக்கிட்டேதான் இருப்பேன்" என்றது உப்பு.

இதயம் இன்னும் ஒரு முறை துடித்தது. பிறகு நின்றுவிட்டது.

டாக்டர் தேன்மொழி உப்பின் வேகத்தை அடக்கக் கால்சியம் ஏற்றினார். கை ஓயும்வரை நெஞ்சை அழுத்தினார். பலனில்லை.

வெளியே வந்து அவர் விஷயத்தைச் சொன்னதும் பிரகாசி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். டாக்டரும் அருகில் குனிந்தார். கேட்கப் பயந்துகொண்டே கேட்டார்:

"அவர் காலுக்கு என்னம்மா?"

"விழுந்ததுலேருந்து அசைவே இல்லைங்க. என்னைக்காவது ஒருநாள் அசையாதான்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

அசைவிழந்து கிடக்கும் கால்கள் உள்ளவருக்கு அந்த மருந்தைக் கொடுக்கவே கூடாது என்பது டாக்டர் தேன்மொழிக்குத் தெரியும். போர்வைக்குள் அந்தக் கால்கள் அசைந்ததை அவர் பார்த்திருந்தார். அதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.