குட்டையைச் சிவக்க வைத்தது யார்?

கீரி காத்தாயி எதையும் லேசில் நம்புகிறவள் அல்ல. மரத்திலிருந்து ஒரு பழம் விழுந்தால்கூட, தானாக விழுந்ததா, யாராவது தள்ளிவிட்டார்களா என்று மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் அப்பால் போவாள். பாம்போடு மல்லுக்கட்டிப் பிழைக்கிற குலம். சந்தேகப்படாத கீரி ரொம்ப நாள் உயிரோடு இருக்காது. அதனால் காட்டில் எது காணாமல் போனாலும், எது கெட்டுப்போனாலும், முதலில் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

அந்தக் காட்டின் மலையடிவாரத்தில் ஒரு குட்டை இருந்தது. பாறை இடுக்கிலிருந்து கசிந்து வரும் சின்ன ஓடைதான் அதற்குத் தண்ணீர் கொடுத்தது. சித்திரை வெயிலில் மற்ற இடமெல்லாம் காய்ந்து வெடித்தாலும் இந்தக் குட்டை மட்டும் வற்றாது. மான், முயல், குரங்கு, காட்டெருமை என்று எல்லா உயிருக்கும் கோடையில் இதுதான் கதி. ஓடைக் கரையில் நீர்நாய் சடையன் வளை தோண்டி, மனைவி குட்டிகளோடு குடியிருந்தான். மீன் பிடிப்பான், குட்டிகளோடு தண்ணீரில் புரளுவான். யார் வம்புக்கும் போகாதவன்.

ஒரு கோடைக்காலை. தண்ணீர் குடிக்க வந்த மான்கள் குட்டையில் வாய் வைக்காமல் பின்வாங்கின. தண்ணீர் சிவந்து கிடந்தது. கரைக் கற்களில் செங்கல்தூள் குழைத்தது போல ஒரு வழுவழுப்பு. செய்தி பரவி, கொஞ்ச நேரத்தில் காடே கரையில் கூடிவிட்டது. யாரும் தண்ணீரைத் தொடவில்லை.

அப்போது நரி கொம்பையன் நிதானமாக வந்தான். முன்னங்காலைத் தண்ணீரில் நனைத்து மோந்து பார்த்தான். முகத்தைச் சுளித்தான்.

"ரத்த வாடை அடிக்குதே," என்றான். "நான் யாரையும் குத்தம் சொல்லலை. ஓடை எந்தப் பக்கமிருந்து வருதுன்னு மட்டும் பாருங்க."

எல்லாத் தலைகளும் சடையனின் வளைப் பக்கம் திரும்பின.

காத்தாயியை அழைத்தார்கள். அவள் குட்டையின் விளிம்பில் மூக்கை வைத்துப் பார்த்தாள். நரி சொன்னது பொய்யில்லை. ரத்த வாடையேதான். பிறகு ஓடையைப் பிடித்துக்கொண்டு மேலே நடந்தாள். சடையனின் வளைக்குக் கீழே கற்கள் எல்லாம் சிவப்பு. வளை வாசலில் மீன் தலைகளும் நண்டு ஓடுகளும் கிடந்தன. வளையைத் தாண்டி மேலே போகப் போகச் சிவப்பு குறைந்தது. பாறை இடுக்கை அடைந்தபோது துளிக்கூட இல்லை. போன மழையில் ஒரு பெரிய பாறை சரிந்து, அந்த இடுக்கு முன்னைவிட அகலமாகத் திறந்திருந்தது. உள்ளே நுழைந்தாள். இருட்டுக்குள் ஊற்று கண்ணாடி போலத் தெளிவாகப் பொங்கிக்கொண்டிருந்தது.

மேலே தெளிவு, கீழே சிவப்பு. நடுவில் இருப்பது ஒரே ஒரு வீடு.

காத்தாயி சடையனிடம் போய் விசாரித்தாள். தனக்கு ஒன்றும் தெரியாது என்றான் அவன். தன் குட்டிகளும் அதே தண்ணீரில்தான் விளையாடுகின்றன, அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றான். சொல்லும்போது அவன் குரலில் நடுக்கமே இல்லை. அதுதான் காத்தாயிக்கு உறுத்தியது. ஊரே பயந்து நிற்கும்போது இவன் மட்டும் ஏன் பயப்படவில்லை?

கூட்டத்தில் அவள் கண்டதை அப்படியே சொன்னாள். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அதுவே போதுமானதாக இருந்தது. குரங்குகள் கல்லை எடுத்தன. காட்டெருமை காலால் மண்ணைக் கிளறியது. சடையன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், யாரும் காது கொடுக்கவில்லை. கடைசியில் அவனும் மனைவியும் குட்டிகளை வாயில் கவ்விக்கொண்டு மேட்டைத் தாண்டிப் போனார்கள். மேட்டுக்கு அந்தப் பக்கம் முழங்கால் அளவுத் தண்ணீர்கூட இல்லாத சேற்றுக்குழி ஒன்றுதான் இருந்தது. போகும்போது சடையனின் மனைவி காத்தாயியை ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான்.

சடையன் எதையோ கலந்திருக்கிறான், அந்த விஷம் இறங்கச் சில நாள் ஆகும், அதுவரை குட்டைத் தண்ணீரை யாரும் தொடக்கூடாது என்று கொம்பையன் எல்லோருக்கும் புத்தி சொன்னான். முள்ளோடைப் பள்ளத்தைத் தாண்டினால் ஒரு மடு இருக்கிறதாம். வழி காட்டத் தானே கூட வருவதாகவும் சொன்னான். தாகத்தில் வாடியவர்கள் அவனைக் கையெடுத்துக் கும்பிடாத குறை.

நாட்கள் போயின. குற்றவாளியைத் துரத்தியாகிவிட்டது, ஆனால் குட்டை தெளியவில்லை. சிவப்பு இன்னும் கூடித்தான் இருந்தது. இதற்கிடையில் பள்ளத்து வழியில் ஒரு மான்குட்டி காணாமல் போனது. பிறகு ஒரு முயல். தாய்மான் பள்ளத்தின் விளிம்பில் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. தாகத்தில் மயங்கி எங்காவது விழுந்திருக்கும் என்று கொம்பையன் ஆறுதல் சொன்னான்.

காத்தாயி அவனை உற்றுப் பார்த்தாள். காட்டில் எல்லோருக்கும் விலா எலும்பு தெரிந்தது. கொம்பையனுக்கு மட்டும் வயிறு உருண்டிருந்தது.

அன்றே அவள் தனியாக முள்ளோடைப் பள்ளத்துக்குள் இறங்கினாள். புதர் மறைவில் மான்குட்டியின் குளம்பு ஒன்று கிடந்தது. முட்களில் முயல் ரோமம். சுற்றிலும் நரிக் காலடிகள், அதுவும் ஒரு நரியுடையவை அல்ல. கொம்பையனின் பங்காளிகள் எல்லோரும் அங்கே விருந்து சாப்பிட்டிருந்தார்கள்.

அப்படியானால் குட்டையில் எதையோ கலந்ததும் கொம்பையன்தான் என்று காத்தாயி முடிவு கட்டினாள். கையும் களவுமாகப் பிடித்துவிட்டு எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லலாம் என்று, விடிந்ததும் ஓடைக்கரைப் புதரில் பதுங்கினாள். வெயில் ஏறியது. நரி வரவில்லை. ஒரு தவளைகூட வரவில்லை. ஆனால் அவள் கண்ணெதிரே, தெளிவாக இறங்கி வந்த தண்ணீர், காலியாகக் கிடந்த சடையனின் வளையைத் தாண்டும்போது சிவந்துகொண்டிருந்தது.

யாரும் தொடவில்லை. யாரும் எதையும் போடவில்லை. அப்படியானால் சடையன்?

மேலே கிளையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். காகம் நீலமேகம். மலைக்கிராமத்துப் பள்ளிக்கூடத்துக் கூரையில் குடியிருப்பவன். ஜன்னல் வழியாகப் பாடம் கேட்டுக் கேட்டு, தனக்குத் தெரியாதது இல்லை என்கிற எண்ணம் அவனுக்கு.

"இது இரும்பு, அக்கா," என்றான். "பள்ளிக்கூடத்து இரும்பு கேட்டுல இதே நிறம்தான் இருக்கு. துரு."

மலைப் பாறைக்குள் இரும்பு இருக்கிறது, அது தண்ணீரில் கரைந்து வரும்போது கண்ணுக்குத் தெரியாது, வெளியே வந்ததும் காற்றிலுள்ள ஆக்சிஜன் அதைப் பிடித்துக்கொள்ளும், இரண்டும் சேர்ந்தால் துரு, துரு என்றால் சிவப்பு என்று பாடம் ஒப்பிப்பது போல மளமளவென்று சொன்னான். இரும்பும் ஆக்சிஜனும் தனிமங்களாம். உலகத்தில் உள்ள பொருளெல்லாம் இப்படிப்பட்ட தனிமங்களால் ஆனவைதானாம்.

"நீ பார்த்தியா?" என்று கேட்டாள் காத்தாயி.

"டீச்சர் சொன்னாங்க."

"உன் பேச்சை வச்சு ஒருத்தனை நல்லவன்னு சொல்லவும் மாட்டேன், கெட்டவன்னு சொல்லவும் மாட்டேன். எனக்குக் கண்ணுல காட்டணும்."

காகம் கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. காத்தாயி யோசித்தாள். காற்று தொடுவதால்தான் சிவக்கிறது என்றால், காற்றே தொடாத தண்ணீர் சிவக்கக்கூடாது. அவ்வளவுதானே? நீலமேகத்தைச் சமாதானப்படுத்தி, சாலையோரம் சுற்றுலா வந்தவர்கள் எறிந்துவிட்டுப் போன மூடியுள்ள பாட்டில் ஒன்றையும், ஒரு கொட்டாங்கச்சியையும் எடுத்துவரச் சொன்னாள்.

மறுநாள் காலை காட்டை மறுபடி கூட்டினாள். கொம்பையனையும் மரியாதையாக அழைத்து, எல்லோர் பார்வையும் படுகிற இடத்தில் உட்கார வைத்தாள். இரண்டு குரங்குகளைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு பாறை இடுக்குக்குள் போனாள். ஊற்றுக்குள்ளேயே பாட்டிலை அமுக்கி, காற்றுக் குமிழி ஒன்றுகூட இல்லாமல் நிரப்பி, தண்ணீருக்கு உள்ளேயே குரங்கின் கையால் மூடியைத் திருகினாள். கொட்டாங்கச்சியிலும் அதே தண்ணீரை மொண்டாள். இரண்டையும் வெளியே கொண்டுவந்து ஒரு பாறைமேல் வைத்தாள். இரண்டும் ஒரே தெளிவு.

பிறகு காத்திருந்தார்கள். யாரும் பாறையை நெருங்கக்கூடாது என்று காட்டெருமை காவல் நின்றது. ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். ஈ பறந்தால்கூட எல்லோரும் அதையே கவனித்தார்கள்.

வெயில் உச்சிக்கு வரும் முன்பே கொட்டாங்கச்சித் தண்ணீர் மஞ்சளித்தது. பிறகு செம்மஞ்சள் ஆனது. உச்சிவேளையில் அடியில் செந்தூள் படிந்துவிட்டது. பாட்டில் தண்ணீர் அப்படியே பளிங்கு போல இருந்தது.

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. கொம்பையன் சிரித்தான். பாட்டில் மனுஷப் பொருள், அதில் ஏதோ மாயம் இருக்கும் என்றான். காத்தாயி மறுத்துப் பேசவில்லை. அவன் கேட்டதும் நியாயமான சந்தேகம்தான் என்று சொல்லி, கொட்டாங்கச்சியைக் கழுவச் சொன்னாள். பாட்டிலைத் திறந்து, அந்தத் தண்ணீரையே அதில் ஊற்றினாள். மறுபடி காத்திருந்தார்கள். பொழுது சாய்வதற்குள் அதுவும் சிவந்தது.

இந்த முறை கொம்பையன் சிரிக்கவில்லை.

பாறை சரிந்து இடுக்கு அகன்றபோது மலைக்குள்ளிருந்த இரும்புப் பாறை புதிதாகத் தண்ணீரில் நனையத் தொடங்கியிருக்கிறது, அதனால்தான் இந்த வருஷம் இந்தச் சிவப்பு என்று காத்தாயி எல்லோருக்கும் விளக்கினாள். ஓடை கற்களில் மோதி மோதிக் காற்றோடு கலப்பதால், சடையனின் வளையை அடைவதற்குள் தண்ணீர் சிவந்துவிடுகிறது என்றாள். அப்படியானால் ரத்த வாடை எப்படி வந்தது என்று ஒரு மான் பயந்து பயந்து கேட்டது. அதற்கு நீலமேகம் பதில் சொன்னான். ரத்தத்திலும் இரும்பு இருக்கிறதாம். மான் ரத்தமோ நரி ரத்தமோ, சிவப்பாக இருப்பதற்கு அந்த இரும்பும் ஒரு காரணமாம். தண்ணீரில் ரத்தம் இல்லை, இரண்டிலும் இரும்பு இருக்கிறது, அவ்வளவுதான்.

எல்லோரும் நரியைப் பார்த்தார்கள்.

"நீர்நாய்தான் செஞ்சான்னு நான் எப்போ சொன்னேன்?" என்றான் கொம்பையன். "ஓடையைப் பாருங்கன்னுதானே சொன்னேன்?"

"ஆமாம். நீ பாருன்னு காட்டின பக்கம் நான் பார்த்தேன்," என்றாள் காத்தாயி. "நீ காட்டாத பக்கமும் போய்ப் பார்த்தேன்."

பள்ளத்தில் கண்டதை அவள் சொன்னாள். மான்குட்டியின் குளம்பைக் கொண்டுவந்து தாய்மானின் முன்னால் வைத்தாள். தாய்மான் அதை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கவே இல்லை. காட்டெருமை கொம்பைத் தாழ்த்தியது. கொம்பையனும் அவன் பங்காளிகளும் அன்று ஓடியவர்கள்தான், அந்தக் காட்டுப் பக்கம் திரும்பவில்லை.

குட்டையை ஒட்டி மணலில் காத்தாயி ஒரு குழி தோண்டினாள். துருவெல்லாம் மணலிலேயே தங்கிவிட, தெளிந்த தண்ணீர் மெல்ல ஊறியது. முதல் வாயை அவளே குடித்தாள். அவள் மறுநாளும் எழுந்து நடமாடுவதைப் பார்த்த பிறகுதான் மற்றவர்கள் குடித்தார்கள்.

அதன்பிறகு அவள் மேட்டைத் தாண்டிப் போனாள். சேற்றுக்குழி முக்கால்வாசி காய்ந்திருந்தது. குட்டிகள் எலும்பும் தோலுமாகத் தாயின் வயிற்றை ஒட்டிப் படுத்திருந்தன. சடையன் எழுந்து வந்து, குட்டிகளை மறைத்துக்கொண்டு நின்றான். அவன் கண்ணில் இப்போது சந்தேகம் இருந்தது. அதை அங்கே வைத்தது தானேதான் என்று காத்தாயிக்குத் தெரிந்தது.

நடந்ததை எல்லாம் சொன்னாள். தப்புத் தன்னுடையது என்றாள், பழைய வளைக்கே திரும்பி வரும்படி கேட்டாள்.

"நாளைக்குத் தண்ணி வேற நிறமா மாறும்," என்றான் சடையன். "அப்போ யாரைத் துரத்துவே?"

"யாரையும் துரத்தறதுக்கு முன்னாடி தண்ணியைக் கேப்பேன், அண்ணே."

சடையன் திரும்பிப் போய் ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டான். மனைவி ஒன்றைக் கவ்வினாள். மூன்றாவது குட்டி தனியாகக் கிடந்தது. அதை எடுக்கட்டுமா என்று காத்தாயி கண்ணாலேயே கேட்டாள். சடையனின் மனைவி அவளைக் கொஞ்ச நேரம் அளந்து பார்த்தாள். பிறகு மெல்ல விலகி வழி விட்டாள்.

சந்தேகம் வந்தால் ஆளைத் தண்டிக்க ஓடாமல், பொருளைச் சோதித்துப் பார்ப்பதே அறிவு.