படிக்கட்டுக்குக் கீழ வந்த வாத்து

ஒரு ஊர்ல ஒரு மருமக இருந்தா. பேரு தோருன். ஊர்னா நம்ம ஊர் மாதிரி இல்ல, தீவு. நார்வேன்னு வடக்க ஒரு தூரதேசம். அங்க கடல் ஒழுங்கா கரையோட நிக்காது, மலைக்கு நடுவுல சந்து சந்தா பூந்துரும். குளிர்காலத்துல சூரியன் ரெண்டு மாசம் எட்டிக்கூடப் பாக்காது. கோடையிலயோ, ராத்திரி பன்னண்டு மணிக்கும் வெயில் அடிக்கும். உன்னை மாதிரிதான், தூங்குன்னா தூங்காது. சிரிக்காத. ம் சொல்லு.

ம்.

அந்தத் தீவுல மரமே கிடையாது. பாறை, புல்லு, ஊஊஊன்னு காத்து. வசந்தம் வந்ததும் கடல்லேர்ந்து வாத்துங்க தத்தக்கா பித்தக்கான்னு கரையேறும். ஊர்க்காரங்க அதுங்களுக்குக் கல்லுல குட்டி குட்டி வீடு கட்டி, உள்ள காஞ்ச கடல்பாசி போட்டு வெப்பாங்க. அப்புறம் பொட்ட வாத்து தன் நெஞ்சுலேர்ந்தே பஞ்சு மாதிரி இறகைப் பிச்சுப் போட்டு, அது மேல முட்டை இடும். குஞ்சு பொரிஞ்சு கடலுக்குப் போனப்புறம், மிச்சம் கெடக்குற இறகை எடுத்து மெத்தைப் போர்வை தைப்பாங்க. போனப்புறம்தான். அதுக்கு முன்னாடி ஒருத்தரும் கை வெக்க மாட்டாங்க.

அதுவரைக்கும் தீவுல யாரும் சத்தம் போட மாட்டாங்க. நாயைக் கட்டிப் போடுவாங்க. வெளிய வர்றவங்க தினமும் ஒரே உடுப்பைத்தான் போடுவாங்க, வாத்து அடையாளம் கண்டுக்கிட்டுப் பயமில்லாம இருக்கணும்ல. தோருனுக்கு ஒரு பழுப்புச் சால்வை. அவ வீட்டுப் படிக்கட்டுக்குக் கீழயே ஒரு வாத்து வந்து அஞ்சு முட்டை இட்டிருந்துச்சு. அவ கிட்டப் போனாலும் அசையாது.

அவ தங்கச்சி மாசமா இருந்தா. "கொழந்தை பொறக்குறதுக்குள்ள போர்வை அனுப்புறேன் பாரு"ன்னு தோருன் ஜம்பமா சொல்லிட்டா. போன வருஷத்து இறகை வெச்சுத் தெச்சுப் பாத்தா, ஒரு மூலைக்குப் பத்தல.

வாத்து தண்ணி குடிக்க எழுந்து போச்சு. தோருன் இங்க பாத்தா, அங்க பாத்தா, சட்டுன்னு ஒரு கை அள்ளிட்டா. வாத்து வந்துச்சு. பாத்துச்சு. அப்புறம் நெஞ்சுலேர்ந்து பிச்சுப் பிச்சுப் போட்டுச்சு.

ம்.

ரெண்டாவது தடவையும் அள்ளினா. வாத்து மறுபடியும் பிச்சுப் போட்டுச்சு.

"இன்னும் ஒரே ஒரு கைதான்"னு மூணாவது தடவையும் அள்ளினா பாரு, பாவி! போர்வை நெறஞ்சு போச்சு. ஆனா முட்டையை மூடி வெக்க இறகு இல்ல. மேல ஒரு கடல்காக்கா வட்டம் போட்டுக்கிட்டிருந்துச்சு. சொய்ங்ங்! ஒரு முட்டையைத் தூக்கிட்டுப் போயிருச்சு.

அய்யோ!

அய்யோதான். வாத்து ஓடி வந்து மிச்ச நாலு மேலயும் உக்காந்துச்சு. பிச்சுப் போட நெஞ்சைத் தடவுச்சு, ஒண்ணுமில்ல. செவசெவன்னு வெறும் தோலு. வெடவெடன்னு நடுங்குது. தோருன் பக்கத்துலயே நிக்கிறா, அப்பவும் அது ஓடல. அந்தப் பழுப்புச் சால்வையை அவ்வளவு நம்பியிருந்துச்சு. தோருனுக்குக் காதெல்லாம் சுட்டுச்சு. அந்தச் சின்னக் கண்ணைப் பாக்க முடியாம தலையைக் குனிஞ்சுக்கிட்டா.

உள்ள ஓடினா. கத்திரிக்கோலை எடுத்தா. தெச்ச போர்வையைக் கர்ர்ருன்னு பிரிச்சு, இறகு அத்தனையும் கொண்டாந்து வாத்தைச் சுத்தி அணைச்சு வெச்சா.

நாலும் பொரிஞ்சுது. குடுகுடுன்னு அம்மா பின்னாடி கடலுக்குப் போச்சுங்க. அப்புறம் மாமனார் ஓட்வார் கூடையோட இறகு எடுக்க வந்தார்.

"அடேயப்பா! இவ்வளவு போட்டிருக்கே! அதுக்கு உன் மேல அத்தனை நம்பிக்கைம்மா."

தோருனுக்கு அந்தப் படிக்கட்டுக்குள்ளயே பூந்துக்கலாம் போல இருந்துச்சு.

"மாமா, அது போட்டதில்ல. நான் திருடினேன். ஒரு முட்டையும் போச்சு. அப்புறம்தான் எல்லாத்தையும் திருப்பி வெச்சேன்."

மாமனார் திட்டல. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார். "இந்தச் சால்வையைப் போட்டுக்கிட்டா?"

"ஆமா மாமா."

கூடையைக் கீழ வெச்சுட்டு உள்ள போயிட்டார். திட்டியிருந்தாக்கூட அவளுக்குத் தேவலை. அழுதுக்கிட்டே தங்கச்சிக்கு உள்ளதை உள்ளபடி எழுதிப் போட்டா.

மறு வசந்தம், படிக்கட்டுக்குக் கீழ பாசி போட்டுக் காத்துக்கிட்டிருந்தா. வாத்து வந்துச்சு. சால்வையைப் பாத்துச்சு. நின்னுச்சு. அப்புறம் அடுத்த வீட்டுக்குப் போயிருச்சு. அதுக்கு மறு வருஷமும் அப்படியேதான். ஊரே பாத்துச்சு.

மூணாவது வருஷம், தத்தக்கா பித்தக்கான்னு ஒரு இளவாத்து வந்துச்சு. நேரா படிக்கட்டுக்குக் கீழ!

யாரு அது?

அங்க பொறந்த நாலுல ஒண்ணு. தோருன் கிட்ட வந்து குனிஞ்சா. அது பயப்படாம, அவ கண்ணு முன்னாடியே நெஞ்சு இறகைப் பிச்சுப் போட ஆரம்பிச்சுது. பாவம், அதுக்கு ஒண்ணும் தெரியாதுல்ல. அதுதான் அவளுக்கு எல்லாத்தையும்விட வெக்கமா இருந்துச்சு. ரெண்டு கையையும் சால்வைக்குள்ள இறுக்கிக் கட்டிக்கிட்டு, அடி மேல அடி வெச்சுப் பின்னாடி நகந்து போனா. குஞ்சு போற வரைக்கும் அந்தப் படியை அவ மிதிக்கவே இல்ல, ஜன்னல் வழியாத்தான் ஏறி எறங்கினா.

ம்...

வாத்து கடலுக்குப் போச்சு, கதையும் அது பின்னாடியே போச்சு. நீ கண்ணை மூடு.