மூச்சுவிட வந்தவர்கள்

கோத்தகிரிப் பக்கம் ஒரு டீ எஸ்டேட். மார்கழிக் குளிர் எலும்பைக் குடைகிற நேரமாகப் பார்த்து, மேனேஜர் ஜெயசீலன் தொழிலாளர் லைன் வீடுகளுக்கு விறகை நிறுத்திவிட்டார்.

“பத்தடி வீட்டுக்கு விறகு எதுக்கு? கதவைச் சாத்திக்கிட்டு எல்லாரும் மூச்சு விட்டாலே சூடாகிடும்!”

கொழுந்து பறிக்கும் செவ்வந்தி, “சரிங்க துரை” என்று பணிவாகத் தலையாட்டினாள்.

அன்று சாயங்காலமே லைன் சனம் மொத்தமும் அவர் பங்களாவுக்குள் நுழைந்தது. செவ்வந்தி எரிகிற கணப்பில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

“என்ன அக்கிரமம் இது?”

“பெரிய வீடு, நீங்க ஒத்தை ஆளு. மூச்சு பத்தாதேன்னு வந்தோம் துரை. எல்லாரும் விடுங்கப்பா!”

எல்லாரும் விட்டார்கள். துரைக்குப் பல் தந்தியடித்தது.

“விறகு அனுப்புறேன், கிளம்புங்க!”

“அவசரப்படாதீங்க துரை. மாடி இன்னும் பாக்கி இருக்கு.”