முதுகில்லாத பகடை

வேலங்குறிச்சிப் பாளையத்தை ஆண்ட ராமபத்திர நாயக்கர் சீட்டாட்டத்தில் தோற்றதே கிடையாது. இதை அவரே எல்லோரிடமும் சொல்வார். சபையும் ஆமாம் என்று தலையாட்டும்.

ஆட்டத்தின் பெயர் இருபத்தொன்று. சீட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டே போக வேண்டும். கூட்டிப் பார்த்து, இருபத்தொன்றுக்கு மிகவும் பக்கத்தில் நிறுத்துகிறவன் ஜெயிப்பான். தாண்டிவிட்டவன் சீட்டுகளைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு ஒதுங்குவான். அவன் கையில் என்ன இருந்தது என்று யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை. அது அந்தச் சபையின் மரியாதை.

ஒருநாள் காலை அரண்மனை மான் அந்தச் சீட்டுக்கட்டைத் தின்றுவிட்டது. துணியில் புளியங்கொட்டைப் பசை தடவி, விறைப்பாக்கி, வர்ணம் தீட்டிய சீட்டுகள் அவை. மானுக்குப் பசையின் ருசி பிடித்துவிட்டது. புதுக் கட்டு எழுத மூன்று மாதம் ஆகும் என்று ஓவியன் கையை விரித்தான். ராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை.

பிரதானி தீர்த்தாரப்பன் இப்படி ஒரு நேரத்துக்குத்தான் காத்திருந்தார். சபை விகடகவி ஆவுடையப்பன் உட்காரும் இடத்தில் தன் மருமகனை உட்கார வைக்க வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை.

"சீட்டு போனால் என்ன, மகாராஜா? பகடை இருக்கிறதே. அதே ஆட்டத்தை, ஒரு குறையும் இல்லாமல், பகடையில் ஆடும்படி ஆவுடையப்பன் செய்து தருவான். அவனுக்குத் தெரியாத வித்தையா?"

ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். "விளக்கு வைப்பதற்குள் முடியுமா, ஆவுடையப்பா?"

"முடியாவிட்டால், மகாராஜா?"

"நாளையிலிருந்து நீ மான் மேய்ப்பாய். உன் இடத்தில் பிரதானியின் மருமகன் உட்காருவான்."

மருமகனுக்கு அப்போதே வாயெல்லாம் பல்.

ஆவுடையப்பன் அந்தப்புரத்திலிருந்து ஒரு கை நிறையப் பகடை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான். ஆட்டத்தை மாற்றுவது பெரிய காரியமாக இல்லை. முதலில் இரண்டு பகடையை உருட்ட வேண்டும். போதாது என்றால் ஒவ்வொன்றாக உருட்டிச் சேர்த்துக்கொள்ளலாம். உருட்டியதைத் தொடக்கூடாது. இருபத்தொன்றைத் தாண்டினால் போச்சு.

ஒரே ஒரு இடத்தில்தான் அவனுக்கு இடித்தது. சீட்டை நெஞ்சோடு வைத்து மறைக்கலாம். பகடையோ பாயில் விழுந்து எல்லோரையும் பார்த்துக்கொண்டு கிடக்கும். தேங்காய்ச் சிரட்டையால் மூடி உருட்டலாமே என்று நாலு சிரட்டைகளைத் தேய்த்து வழவழப்பாக்கினான். அவற்றை எதிரே வைத்துக்கொண்டு வெகுநேரம் தாடையைத் தடவினான். புறப்படும்போது சிரட்டைகளை அடுப்படியிலேயே விட்டுவிட்டுப் போனான்.

விளக்கு வைத்தார்கள். பந்தயம் கொட்டைப்பாக்கு. ராஜா, பிரதானி, தளவாய் சங்கரபாண்டி, ஆவுடையப்பன் என்று நாலு பேர் பாயில் உட்கார்ந்தார்கள்.

ராஜா முதலில் உருட்டினார். பதினேழில் நிறுத்தி, மீசையை நீவிக்கொண்டார்.

அடுத்து பிரதானி. ஆறு, ஐந்து. பிறகு ஓர் ஐந்து. பிறகு ஒரு நாலு. மொத்தம் இருபது. ராஜாவை ஜெயித்தாயிற்று. ஆனால் கை பழைய கைதானே? "இன்னும் ஒன்று" என்று உருட்டிவிட்டது. மூன்று விழுந்தது.

"போச்சு, மகாராஜா. எல்லாம் உங்கள் ராசி" என்று பகடைகளைக் கவிழ்க்கப் போனார் பிரதானி. எந்தப் பக்கம் கவிழ்ப்பது என்று தெரியாமல் கை அந்தரத்தில் நின்றது.

"இருபதில் ஏன் உருட்டினீர்?" என்று ராஜா கேட்டார்.

"ஒன்று விழும் என்று ஒரு நம்பிக்கை."

தளவாய் உருட்டினார். அவருக்கு நேரம் சரியில்லை. சரியாக இருபத்தொன்று விழுந்தது. பிரதானியைப் பார்த்தார். பிரதானி கூரையைப் பார்த்தார். தளவாய் கண்ணை மூடிக்கொண்டு இன்னொன்றையும் உருட்டினார்.

"இருபத்தொன்றுக்கு மேல் உமக்கு என்ன வேண்டியிருந்தது, தளவாய்?"

"நிறுத்திப் பழக்கமில்லை, மகாராஜா. முன்னேறித்தான் பழக்கம்."

ராஜா சிரிக்கவில்லை. அவர் முகம் சுருங்கிப் போயிருந்தது. "உன் முறை, ஆவுடையப்பா" என்றார்.

ஆவுடையப்பன் பகடைகளை எடுத்தான். உருட்டினான். பதினெட்டு. இன்னும் உருட்டித் தாண்டிவிட்டால் மற்ற இருவரோடு சேர்ந்துகொள்ளலாம். நிறுத்தினால் அந்தச் சபையில் ராஜாவை ஜெயித்த முதல் ஆள் அவன்தான். மான் கொட்டிலின் வாடை மூக்கில் அடிப்பது போலிருந்தது.

"நிறுத்திக்கொண்டேன், மகாராஜா."

பிரதானி துள்ளி எழுந்தார். "பார்த்தீர்களா? அதே ஆட்டம் என்றுதானே உத்தரவு? சீட்டில் மகாராஜா தோற்றதே இல்லை. இதில் தோற்றுவிட்டார். அப்படியானால் இது அந்த ஆட்டமே இல்லை. நாளைக்கு மானை இவனிடம் விடுங்கள்."

"அதே ஆட்டம்தான், பிரதானியாரே" என்றான் ஆவுடையப்பன். "ஒன்றே ஒன்றைத்தான் என்னால் கொண்டுவர முடியவில்லை. சீட்டுக்கு ஒரு பக்கம் முகம், ஒரு பக்கம் முதுகு. பகடைக்கு ஆறு பக்கமும் முகம். ஒரு முதுகு வைத்துவிட எவ்வளவோ பார்த்தேன். வரவில்லை."

ராஜா மெல்ல பிரதானியின் பக்கம் திரும்பினார். "இத்தனை வருஷமாக நீங்கள் கவிழ்த்துப் போட்ட சீட்டெல்லாம்..."

பிரதானி மறுபடியும் கூரையைப் பார்த்தார். தளவாய் தன் கால் கட்டைவிரலை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

ராஜா ஆவுடையப்பனிடம் திரும்பினார். "நீயும்தானே கவிழ்த்துப் போட்டாய்? உன் சீட்டில் என்ன இருந்தது? நிஜத்தைச் சொல்."

"நான் சொன்னால் யார் நம்புவார்கள், மகாராஜா? அந்தச் சீட்டுகளே வந்து சாட்சி சொன்னால்தான் உண்டு. அவை மான் வயிற்றில் இருக்கின்றன. மானை விசாரிக்க ஒரு நல்ல ஆளாகப் பார்த்து அனுப்புங்கள்."

ராஜா ஒரு கணம் அவனையே பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "பிரதானியாரே, நாளைக் காலை மானை ஓட்டிக்கொண்டு போம். அது சாட்சி சொல்லும்வரை மேய்த்துக்கொண்டிரும்."

தம் விரலில் கிடந்த கெம்பு மோதிரத்தைக் கழற்றி ஆவுடையப்பனிடம் கொடுத்தார். புதுச் சீட்டு வேண்டாம் என்று ஓவியனுக்கு ஆள் போயிற்று.

அன்றைக்கு ராஜா அடுத்தடுத்துத் தோற்றார். ஒவ்வொரு தோல்விக்கும் சிரித்தார். கடைசியில் ஒரு ஆட்டம் ஜெயித்தபோதுதான் சிரிக்க மறந்து, பாயில் குனிந்து, தம் பகடைகளையும் மற்றவர்கள் பகடைகளையும் விரல் வைத்து மறுபடி மறுபடி எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தார்.