பத்து மூட்டையும் நீல மையும்

“எனக்கென்ன பத்துத் தலையா இருக்கு, பத்து மூட்டை கொடுக்க?”

குஞ்சிதபாதம் இதைக் காலையிலிருந்து மூன்று தடவை சொல்லிவிட்டார். ஊர்க்கூட்டத்தில் ஒரு தடவை, மில் மேனேஜரிடம் ஒரு தடவை, இப்போது குருவிடம்.

குரு முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

“பத்துத் தலைன்னு யாரும் சொல்லலையே ஐயா. பத்து மூட்டைன்னுதான் சொன்னாங்க.”

“அதைத்தாம்மா கேக்கறேன். தலைக்கட்டு வரின்னா என்ன அர்த்தம்? ஒரு குடும்பத்துக்கு மாசம் ரெண்டு படி அரிசி. குடிசையா இருந்தாலும் ரெண்டு படி, மாடி வீடா இருந்தாலும் ரெண்டு படி. ஊர் தோணின நாள்லேர்ந்து அதான் சட்டம். இப்ப என்ன புதுசா, இருக்கிறவன் கூடுதலாக் கொடுக்கணும்னு?”

“ரெண்டு வருஷமா மழை இல்லை.”

“மழையை நானா குடோன்ல போட்டுப் பூட்டி வச்சிருக்கேன்?”

குரு ஒரு கல்லை எடுத்துத் தட்டில் போட்டாள்.

டிக்.

குருவென்றால் தாடியும் புலித்தோலும் தேட வேண்டாம். மங்களேஸ்வரிக்கு முப்பத்தெட்டு வயது. குஞ்சிதபாதத்தைவிட இருபது வயது சின்னவள். ஊருக்கு வெளியே, வாய்க்கால் கரையில் ஒரு கஞ்சிக்கூடம் நடத்துகிறாள். ஊர் வரியாக வரும் அரிசிதான் அங்கே கஞ்சியாகிறது. ஊரார் அவளைச் சாமியம்மா என்பார்கள்.

குஞ்சிதபாதம் மேலப்பாடியில் ரைஸ் மில் வைத்திருப்பவர். மனைவி இறந்த வருஷமே தூக்கமும் போய்விட்டது. நிம்மதியும் மொத்த விலைக்குக் கிடைக்கும் என்று நம்பி இங்கே வந்தவர், மூன்று வருஷமாகச் சாயங்காலந்தோறும் வந்துகொண்டிருக்கிறார். தூக்கம் திரும்பிவிட்டது. சந்தேகம் மட்டும் போகவில்லை.

சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார்.

“மகஜர். பழையபடி எல்லாருக்கும் ரெண்டு படிதான்னு எழுதியிருக்கு. முதல் கையெழுத்து உங்களுது. நீங்க போட்டா பெரிய வீட்டுக்காரங்க அத்தனை பேரும் போட்டுடுவாங்க. ஞாயித்துக்கிழமை கூட்டத்துல பேச்சே எழாது.”

“போட்டா இந்தக் கூடம் ஆடி மாசம் தாண்டாது.”

“தாண்ட வேணாம்.”

“அப்புறம் இங்க வர்றவங்க?”

“உழைக்கிறவன் எவனும் பட்டினி கிடக்க மாட்டான். என்னையே எடுத்துக்குங்க. நான் நாளைக்கு நொடிச்சுப்போனா இந்த ஊர் எனக்கு ஒரு படி கொடுக்குமா? கை தட்டிச் சிரிக்கும். எனக்கு ஒதவாத ஊருக்கு நான் எதுக்குப் பத்து மூட்டை அழணும்?”

கேள்வி நியாயமானதுதான். குரு வேறொன்று கேட்டாள்.

“வர்றவங்க உழைக்காதவங்கன்னு எப்படித் தெரியும்?”

“முகத்தை மறைச்சுக்கிட்டு வாங்கறானே! நல்லவனா இருந்தா எதுக்கு மறைக்கணும்?”

“மறைக்கிறது அவங்க இல்லை ஐயா. நான்.”

அது உண்மை. கஞ்சிக்கூடத்துச் சுவரில் ஒரு துவாரம். ஒரு தூக்குப் பாத்திரமும் அதைப் பிடித்த கையும் நுழையும் அளவு. உள்ளே அகப்பையோடு நிற்பவருக்கு வெளியே நிற்பவர் முகம் தெரியாது. மங்களேஸ்வரி போட்ட ஒரே விதி அதுதான். அந்த விதி குஞ்சிதபாதத்துக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. முகம் பார்க்காமல் கொடுத்தால் திருடனும் வாங்குவான் என்பது அவர் கட்சி.

“சரி,” என்றாள் குரு. “ஒரே ஒரு சோம்பேறியைப் பிடிச்சுக் காட்டுங்க. கையெழுத்துப் போடறேன்.”

குஞ்சிதபாதம் அவளை உற்றுப் பார்த்தார். இவ்வளவு சீக்கிரம் விலைக்கு ஒத்துக்கொள்கிற ஆள் மூட்டைக்கு அடியில் எதையோ ஒளிக்கிறான் என்பது முப்பது வருஷ வியாபாரம் அவருக்குச் சொல்லிக் கொடுத்த பாடம்.

“ஒருத்தன் போதுமா?”

“ஒருத்தர் போதும்.”

“பேச்சு மாற மாட்டீங்களே?”

“மாற மாட்டேன். முகம் மட்டும் பார்க்கக் கூடாது.”

அவர் யோசித்தார்.

“பார்க்கலை. கையில முத்திரை வைக்கிறேன். கஞ்சி வாங்கினவன் பகல் பத்து மணிக்கு எந்த மரத்தடியில மல்லாந்து கிடக்கான்னு நானே போய்ப் பார்க்கறேன். கையைப் பார்த்தாத் தெரிஞ்சிடும்ல?”

“எந்த முத்திரை?”

“மில்லு முத்திரைதான். சாக்குல குத்தறது. மண்ணெண்ணெய் போட்டுத் தேச்சாலும் ஒரு வாரத்துக்கு மை போகாது.”

குருவின் விரல் ஒரு கல்லின்மேல் நின்றது.

“அதுவே சரி,” என்றாள்.

டிக்.

மறுநாள் விடிகிற நேரத்துக்குக் குஞ்சிதபாதம் துவாரத்தின் உள்பக்கம் முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு கையில் மரமுத்திரை, மடியில் மையில் நனைத்த துணி. குரு அகப்பையோடு பக்கத்தில் நின்றாள்.

முதல் கை வந்தது. கஞ்சி விழுந்தது. முத்திரை விழுந்தது. வட்டத்துக்குள் கு.பா.

கை சட்டென்று பின்னால் போயிற்று.  வெளியே யாரோ மெல்லச் சிரித்தார்கள்.

திருட்டுச் சிரிப்பு என்று குஞ்சிதபாதம் மனசில் குறித்துக்கொண்டார்.

அடுத்தடுத்துக் கைகள். நடுங்குகிற கிழட்டுக் கைகளை விட்டுவிட்டார். அவர் ஒன்றும் அரக்கன் இல்லை. மற்றதெல்லாம் நல்ல வலுவான கைகள். காய்ப்பு ஏறினவை, நரம்பு புடைத்தவை, நகத்தடியில் அழுக்கு அடைந்தவை.

“பாருங்க,” என்று குருவின் காதருகில் கிசுகிசுத்தார். “இந்தக் கைக்கு என்ன கேடு? இதுக்கு எதுக்கு ஓசிக் கஞ்சி?”

“எனக்கும் அதான் புரியலை,” என்றாள் குரு.

ஒரு கை வந்தது. பெண்பிள்ளை கை. நடுவிரலில் பாதி இல்லை.

இரக்கம் வரவழைக்கத் தானே வெட்டிக்கொண்டிருப்பாளோ? செய்கிற ஜாதிதான். முத்திரையைக் கொஞ்சம் அழுத்தியே வைத்தார்.

வெளியேயிருந்து குரல் வந்தது.

“உள்ள யாரு புது ஆளு? சாக்குக்குக் குத்தற மையை மனுசிக்குக் குத்தறீங்க? எடை போட்டு வாயையும் தைச்சு அனுப்பிடுங்க, லாரியில ஏறிக்கறோம்!”

வரிசையே கொல்லென்று சிரித்தது.

குஞ்சிதபாதம் வாயைத் திறக்கவில்லை. குரல் தெரிந்தால் ஆள் தெரிந்துவிடும். மில் சங்கு ஊத அரைமணி இருக்கும்போதே வரிசை கரைந்துபோயிற்று. இவ்வளவு அவசரமாக எங்கே ஓடுகிறார்கள்? படுக்கத்தான்.

முத்திரையையும் மைத்துணியையும் துவாரத்தின் விளிம்பிலேயே வைத்துவிட்டு வேட்டைக்குப் புறப்பட்டார்.

முதலில் அரசமரத்தடி. நான்கு பேர் படுத்திருந்தார்கள். ஒவ்வொருத்தனாக எழுப்பிக் கையைப் பார்த்தார். நீலம் இல்லை.

பஸ் ஸ்டாண்டு. இல்லை.

சாராயக்கடைச் சந்து. அங்கே போய்த் திரும்பியதில் அவர் பெயர்தான் கெட்டது. மை இல்லை.

வாய்க்கால் மதகில் சீட்டுக் கச்சேரி நடந்துகொண்டிருந்தது. நடுநாயகமாக உட்கார்ந்திருந்தவன் அவருடைய மச்சினன் தில்லைநாயகம். அக்கா இருந்தபோது பத்து நாள் தங்கலாம் என்று வந்தவன். வந்து பதினோரு வருஷம் ஆகிறது.

“கையைக் காட்டுடா.”

“என்ன மாமா, ஜோசியம் கத்துக்கிட்டீங்களா?”

“காட்டு.”

காட்டினான். பஞ்சு மாதிரி இருந்தது. ஒரு பொட்டு மை இல்லை.

“சொல்லுங்க மாமா. தன யோகம் இருக்கா?”

“இருக்கு,” என்றார் குஞ்சிதபாதம். “எனக்குத்தான் இல்லை.”

மத்தியானம் வரைக்கும் அலைந்தார். ஊரில் சும்மா கிடந்த கை ஒவ்வொன்றும் சுத்தமாக இருந்தது.

வெயில் ஏற ஏறச் சந்தேகமும் ஏறிற்று. மையைச் சுரண்டிவிட்டார்களா? பக்கத்து ஊர் ஆட்களா? இல்லை, அந்த அம்மாவே ஆள் விட்டு, ரெண்டு நாளைக்குத் தலைகாட்டாதீங்க என்று சொல்லி அனுப்பிவிட்டாளா? ஒத்துக்கொண்ட வேகத்தைப் பார்த்தபோதே நினைத்தார். மூன்று வருஷமாகக் காலில் விழுந்த குருவைப் பற்றி இப்படி நினைக்கிறோமே என்று ஒரு கூச்சமும் வரவில்லை. கூச்சப்பட்டவன் மில் நடத்த முடியுமா?

சாயங்காலம் மில் வாசலுக்கு வந்து சேர்ந்தார். அங்கே அவருக்கு ஒரு வேலை இருந்தது. எந்தக் காரியம் இருந்தாலும் அதை இன்னொருத்தரிடம் விட்டதில்லை.

மடி பார்ப்பது.

வேலை முடிந்து போகிற பெண்கள் ஒவ்வொருத்தியும் வாசலில் நின்று, புடவை மடியைப் பிரித்து உதறிக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். ஆண்களும் வேட்டி மடிப்பை அவிழ்த்து உதற வேண்டும். ஒரு பிடி அரிசி வெளியே போகக் கூடாது. முப்பது வருஷமாக அவர் கண் மடியைத்தான் பார்க்கும். முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால் மடியில் இருப்பது தப்பிவிடும்.

முதல் பெண் வந்தாள். மடியைப் பிரித்தாள்.

அன்று பகல் முழுக்கக் கையையே பார்த்துத் திரிந்த கண். பழக்கம் மாறிவிட்டது. மடிக்குப் போகாமல் மடியைப் பிடித்திருந்த கைக்குப் போயிற்று.

வட்டம். நீல வட்டத்துக்குள் கு.பா.

“போ,” என்றார்.

அடுத்தவள். நீலம்.

அடுத்தவன். நீலம்.

மூட்டை தூக்குகிறவன், அவிக்கிற தொட்டியில் நிற்கிறவன், சிமெண்டுக் களத்தில் வெயிலில் காலால் நெல் கிளறுகிறவள். வரிசையாக வந்தார்கள். குடோனில் அடுக்கிய மூட்டைகள் போல ஒவ்வொன்றிலும் அவர் பெயர் இருந்தது.

நடுவிரல் பாதியான கை வந்தது.

அவர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு, வெகுநேரம் யோசித்தவர் போல, மெதுவாக முகத்தைப் பார்த்தார். தவிடு படிந்த புருவம். நாற்பது வயதிருக்கும்.

“உன் பேர் என்ன?”

“பவுனு, முதலாளி. பதினாலு வருஷமா இருக்கேன்.”

“விரல்?”

“தவிடு கூட்டறப்ப பெல்ட் இழுத்துடுச்சு. நீங்ககூட அரை நாள் லீவு கொடுத்தீங்களே.”

அவருக்கு ஞாபகம் வரவில்லை. சம்பளத்தில் அந்த அரை நாளைப் பிடித்திருப்பார். அது நிச்சயம்.

“காலையில கஞ்சிக்கு... நீ எதுக்கு அங்க போறே? இங்க சம்பளம் வாங்கலை?”

பவுனு அவரை ஒரு மாதிரி பார்த்தாள். காலையில் உள்ளே உட்கார்ந்திருந்த புது ஆள் யார் என்று அவளுக்கு அப்போது தெரிந்துபோயிருக்க வேண்டும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

“வாங்கறேன் முதலாளி. அதுல வடிக்கிறது புள்ளைங்களுக்குத்தான் காணும். சங்கு ஊதறதுக்குள்ள அங்க ஒரு தூக்கு குடிச்சிட்டு வந்தா, சாயந்திரம் வரைக்கும் உங்க வேலைக்குத் தாங்கும். ஓசின்னு நினைச்சுக்காதீங்க. நாங்களும் தலைக்கட்டு வரி கொடுக்கறோம்ல? ரெண்டு படி. உங்க வீட்டுக்கு எவ்வளவோ, அதே ரெண்டு படி.”

குஞ்சிதபாதத்தின் கண் மறுபடி அந்த நீல வட்டத்துக்குப் போயிற்று.

“மடியை உதறிடட்டுங்களா முதலாளி? பின்னாடி எல்லாரும் நிக்கிறாங்க.”

அவர் வாசலை விட்டு நகர்ந்தார். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக மில் வாசலில் யாரும் நிற்கவில்லை. என்ன சூழ்ச்சியோ என்று பயந்து, மிச்சம் இருந்தவர்களும் காலி வாசலைப் பார்த்து மடியை உதறிவிட்டே போனார்கள்.

கஞ்சிக்கூடத்துக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. எப்போதும் போகிற முன்வாசலுக்கு அவர் போகவில்லை. சுவரைச் சுற்றிக்கொண்டு துவாரத்துக்கு வந்தார்.

அந்தப் பக்கம் அவர் நின்றதே இல்லை. தரை பள்ளமாக இருந்தது. காலையில் முழங்கால் உயரத்தில் இருந்த துவாரம் இப்போது தோளுக்கு மேல் இருந்தது. கையைத் தூக்கித்தான் நீட்ட வேண்டியிருந்தது.

சட்டைப்பையில் மகஜர் மொடமொடத்தது.

கையை உள்ளே நீட்டினார்.

“அம்மா.”

டிக்.

“காலையில முத்திரையை இங்கதான் வச்சுட்டுப் போனேன்.”

டிக்.

“ஓசிக் கஞ்சி வாங்கினது இந்தக் கைதாம்மா. மை காஞ்சிருக்காது. ஒரு வாரத்துக்கு இருக்கும்.”

கல் விழுகிற சத்தம் நின்றது. உள்ளே யாரோ இருந்தார்கள். கை தெரியும், முகம் தெரியாது. அவர் கையை எடுக்கவில்லை.

“என் கையிலயும் ஒண்ணு வைங்கம்மா.”