இரண்டு மணி நேரம்

“மனம் ஆறின பிறகு போனால் போதாதா, சாமி?” என்று கேட்டார் பாக்கியநாதர்.

மலைமேல் இருந்த அந்த மடத்தில் ஒயின் செய்வதும் காப்பதும் அவர் வேலை. வயது அறுபத்தொன்று. மடத்துத் தலைவர் சந்தியாகு சாமி அவரைவிடப் பதினாறு வயது இளையவர். ஆனாலும் குரு, குருதான்.

பாக்கியநாதரின் அங்கிப் பையில் ஒரு கடிதம் இருந்தது. அக்கா மகள் எழுதியது. அம்மா படுத்துவிட்டாள், கஞ்சிகூட இறங்கவில்லை, மாமா முகத்தைப் பார்க்க வேண்டும் என்கிறாள்.

கடிதம் வந்து நான்கு நாள். நான்கு இரவும் அவர் தூங்கவில்லை.

அக்காவோடு பேச்சு நின்றது, அப்பாவை அடக்கம் செய்த அன்று. பெற்றவருக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்க வராதவன் துறவியாகி என்ன பயன் என்று, கல்லறை வாசலில் நாற்பது பேர் முன்னால் கேட்டாள். பதில் சொல்லாமல் மலையேறியவர் பிறகு இறங்கவில்லை.

“இப்போது போனால் அந்தப் பதில்தான் முதலில் வாயில் வரும். சாகக் கிடக்கிறவளிடம் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.”

பாக்கியநாதர் நிலவறைப் பக்கம் கை காட்டினார்.

“ஒயினைத் திறந்ததும் குடிக்கிறோமா? இரண்டு மணி நேரம் காற்றுப் பட்டால்தானே துவர்ப்பு அடங்கும்?”

“அந்த இரண்டு மணி நேரத்துக்காக ஈஸ்டர் அன்றும் எங்களைக் காயப்போட்டவர் ஆயிற்றே நீங்கள்” என்றார் சாமி. பிறகு, பேச்சு நின்று எத்தனை வருடம் என்று கேட்டார்.

பத்தொன்பது. வரும் மாசியில் இருபது.

அந்த வருடத்து ஒயின் மிச்சம் உண்டா என்று சாமி கேட்டார்.

மூன்று புட்டி.

“ஒன்று கொண்டு வாருங்கள், பிரதர்.”

மலையிலிருந்து இறங்கும் ஒரே பஸ் மூன்று மணிக்கு. அப்போது மணி பன்னிரண்டேகால்.

பாக்கியநாதர் நிலவறையிலிருந்து புட்டியை ஆட்டாமல் எடுத்து வந்தார். தக்கை உதிர்ந்து மூன்று துண்டாக வந்தது.

கிண்ணத்தில் இரண்டு விரல் அளவு ஊற்றினார். அடைத்தபோது நாவற்பழ நிறம். இப்போது செங்கல் நிறம். குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அத்திப்பழ வாசனை. மழை நின்ற மண்ணின் வாசனை.

“அந்த வருடம் இதை வாயில் வைக்க முடியவில்லை, சாமி. நாக்கைப் பிடித்து இழுத்தது. அத்தனை துவர்ப்பும் எங்கே போயிற்று?”

சாமி புட்டியை வெளிச்சத்தில் பிடித்தார். அடியில் ஒரு விரல் கனத்துக்கு வண்டல்.

“மீதியை உங்கள் கணக்குப்படியே காற்றில் விடுங்கள்” என்றார்.

பாக்கியநாதர் தெளிவை மட்டும் வாயகன்ற கண்ணாடி ஜாடியில் ஊற்றி வைத்தார். சாமி ஜெபிக்கப் போனார். இவரால் உட்கார முடியவில்லை. கடிதத்தை எடுத்தார், படிக்காமல் மடித்தார். முற்றத்தைச் சுற்றினார். ஏழு முறை வந்து ஜாடியைப் பார்த்தார்.

இரண்டரை மணிக்குச் சாமி வந்தார். பாக்கியநாதர் ஊற்றி, முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். ஒரு மடக்கு குடித்தார்.

வாசனை இல்லை. திராட்சை கழுவிய தண்ணீர்போல இருந்தது, கொஞ்சம் புளிப்போடு.

“போய்விட்டது” என்றார். “இவ்வளவு பழையதை நான் திறந்ததே இல்லை, சாமி. புதுசுக்குத்தான் இரண்டு மணி நேரம். இது தாங்காது. ஊற்றினவுடனே குடித்திருக்க வேண்டும்.”

சாமி அவர் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கிக்கொண்டார்.

“அக்காவுக்கு என்ன வயது, பிரதர்?”

எழுபத்தாறு என்று சொல்லி முடித்தபோது, பாக்கியநாதர் மூன்று மணி பஸ்ஸுக்காக வாசற்படியைத் தாண்டியிருந்தார்.