ஆளில்லாமல் ஓடிவந்த செவலை

கடலோரக் காட்டில் ஒரு நல்லதண்ணீர்க் குளம் இருந்தது. சுற்றிலும் உப்புத் தரை. மான், முயல், பன்றி, குரங்கு எல்லாவற்றுக்கும் அந்த ஒரு குளம்தான் உயிர்.

ஒரு நாள் கப்பலில் சில சீமை நாய்கள் வந்து இறங்கின. "குளத்துக்கு நாங்கள் காவல் இருக்கிறோம்" என்று முதலில் பணிவாகத்தான் கூறின. பிறகு குரல் மாறியது.

"காவலுக்குக் கூலி வேண்டாமா? மாதம் ஒரு மான்குட்டி கொண்டுவந்து விடுங்கள்!"

அந்த நாய்களின் தலைவனைக் காட்டில் எல்லோரும் 'துரை' என்றே அழைத்தார்கள்.

அதே கப்பலில் குதிரைகளும் வந்திருந்தன. கப்பல் திரும்பிப் போனபோது அவற்றைக் கரையிலேயே விட்டுவிட்டார்கள். அந்தக் குதிரைகளின் பேத்தி ஒருத்தி காட்டிலேயே பிறந்தாள். செம்மண் நிறம். பெயர் செவலை. காட்டில் பிறந்தும் அவள் வந்தவள்தான். எல்லா மிருகமும் குடித்து முடித்த பிறகுதான் குதிரைக்குத் தண்ணீர். அதுதான் குளத்தின் முறை.

கூலி கொடுத்துக் கொடுத்து மான்களுக்கு ஒரு நாள் பொறுக்கவில்லை. வெளிமான்களின் தலைவன் முறுக்குக் கொம்பன் குளக்கரையில் நின்று சொன்னது: "இனி ஒரு குட்டிகூடக் கிடையாது!"

துரை திரும்பி நடந்தது. கடற்கரைப் பக்கம் போய்விட்டது.

"பயந்துடுச்சு!" என்று எல்லோரும் சிரித்தார்கள்.

கடற்கரையில் உயரமான பாலை மரம் ஒன்று உண்டு. அதன் உச்சிக் கிளையில் சொக்கன் என்ற குரங்கு பழம் தின்றுகொண்டிருந்தது. மரத்தடியில் செவலை புல் மேய்ந்துகொண்டிருந்தாள். மத்தியான வெயில் சற்றே இறங்கிய நேரம். கப்பல் நின்ற பக்கத்தில் நாய்கள் கூடுவதைச் சொக்கன் பார்த்தது. ஒன்றிரண்டு அல்ல, இத்தனை வருடத்தில் பெருகி, மணல் தெரியாத அளவுக்கு நாய்கள்!

நடுவில் துரை நின்று பேசியது. காற்று அதன் குரலை மரம் வரைக்கும் கொண்டுவந்தது.

"தாய்மான்கள் குட்டிகளைப் புல்லில் படுக்கவைத்துவிட்டுத் தள்ளிப்போய் மேயும். தாய் கூப்பிடாமல் எந்தக் குட்டியும் எழுந்திருக்காது. நமக்கு அதுவே போதும்! தோளோடு தோள் ஒட்டி வரிசையாக நடங்கள். குட்டிகள் தானாகக் காலில் இடறும். எல்லாக் குட்டிகளும் நம் கையில் இருந்தால் அந்தக் கொம்பன் மண்டியிட்டுத்தானே ஆகவேண்டும்?"

சொக்கன் கிளையிலிருந்து நேராகச் செவலையின் முதுகில் குதித்தது.

"ஓடு! குளத்துக்கு ஓடு!"

"நானும் கேட்டேன், சொக்கண்ணே. குட்டிகளைத்தான்..."

"பேசுறது என் வேலை. ஓடுறது உன் வேலை. ஓடு!"

செவலை ஓடினாள். உப்புத் தரை அவள் குளம்புக்கடியில் நொறுங்கியது. புல்வெளி வந்தது. அங்கே தாய்மான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. செவலை வேகத்தைக் குறைத்தாள்.

"அண்ணே, தாய்ங்க இங்கேதான் இருக்காங்க. சொல்லிட்டுப் போயிடலாமே?"

"உனக்குக் கிறுக்கா? இது எவ்வளவு பெரிய சேதி! கொம்பன் முன்னால, சபை கூட்டித்தான் சொல்லணும். வழியில போறவங்க வர்றவங்ககிட்ட எல்லாம் உளறினா எனக்கென்ன மரியாதை?"

தாய்மான்களில் ஒருத்தி பூவரசி. அவள் தலை நிமிர்ந்து கேட்டாள், "எங்கே இவ்வளவு அவசரம்?"

"அரசாங்க வேலை!" என்றது சொக்கன். குதிரை கடந்துபோய்விட்டது.

பனங்காட்டைத் தாண்டினால் குளம். ஆனால் அங்கே துரை முன்கூட்டியே இரண்டு காவல் நாய்களை நிறுத்தியிருந்தது. இரண்டும் குறுக்கே பாய்ந்தன. செவலை முன்னங்கால்களைத் தூக்கி நின்றாள். சொக்கன் அலறியடித்துக்கொண்டு பக்கத்துப் பனையில் தாவி ஏறியது. நாய்கள் பனையடியில் உட்கார்ந்துகொண்டன.

"இறங்கி வா, ராசா! எவ்வளவு நேரம்தான் இருப்பே, பார்க்கலாம்!"

ஒரு நாய் செவலையைப் பார்த்து உறுமியது. மற்றது தடுத்தது.

"அதை விடு. நம்ம கப்பல் குதிரைதானே. குதிரை என்ன சொல்லிடப்போகுது?"

செவலை ஒரு கணம் அசையாமல் நின்றாள். பிறகு திரும்பினாள். குளத்துக்குப் போகும் நேர்வழி அடைபட்டிருந்தது. புல்வெளிக்கு வழி இருந்தது. நாய்ப்படை வருவதும் அந்தத் திசையிலிருந்துதான். அவள் அதை நோக்கியே ஓடினாள்.

முதுகில் யாரும் இல்லாமல் ஒரு குதிரை பாய்ந்துவருவதைக் கண்டு தாய்மான்கள் சிதறின. "நில்லுங்க! நாய்ங்க வருது! குட்டிகளை எழுப்புங்க!" என்று செவலை கத்தினாள்.

அவள் குரலையே அவர்களில் பலர் அன்றுதான் கேட்டார்கள்.

பூவரசி முன்னால் வந்தாள். "இப்பத்தானே அரசாங்க வேலைன்னு போனீங்க? குரங்கு எங்கேடி?"

"பனைமரத்துல மாட்டிக்கிட்டார்."

"உன்னை மட்டும் நாய்ங்க விட்டுடுச்சாக்கும்?"

"விட்டுடுச்சு. அதுங்க என்னை அவங்க ஆளுன்னு நினைக்குது."

"நாங்களும் அப்படித்தாண்டி நினைக்கிறோம்!" என்றாள் இன்னொருத்தி. "நாங்க கூப்பிட்டுக் குட்டி எழுந்தா, எது எங்கே படுத்திருக்குன்னு நாய்ங்களுக்குத் தெரிஞ்சுபோகும். அதுக்குத்தானே வந்தே?"

செவலை திரும்பிப் பார்த்தாள். தூரத்தில் உப்புத் தரைமேல் புழுதி எழும்பத் தொடங்கியிருந்தது.

"என்னை நம்ப வேண்டாம்" என்றாள். "அந்தப் புழுதியைப் பாருங்க. நான் பொய் சொல்றேன்னா, உங்க குட்டிங்களுக்குக் கொஞ்ச நேரத் தூக்கம் கெடும். அப்புறம் என்னைக் கொம்பால குத்தச் சொல்லுங்க, நான் எங்கேயும் ஓடமாட்டேன். நிஜம் சொல்றேன்னா..."

அவள் முடிக்கவில்லை. பூவரசி புழுதியைப் பார்த்தாள். பிறகு செவலையின் நுரை தள்ளும் வாயைப் பார்த்தாள். மெல்ல, அடித்தொண்டையில், ஒரு முறை கூப்பிட்டாள்.

புல்லுக்குள்ளிருந்து இரண்டு காதுகள் எழுந்தன.

அடுத்த தாய் கூப்பிட்டாள். அதற்கடுத்தவள் கூப்பிட்டாள். வெறும் புல் என்று செவலை நாளெல்லாம் மிதித்துப் போன இடத்தில், கண்ணுக்கெட்டிய தூரம்வரை, காதுகளாக முளைத்தன! ஈரமான மூக்குகள், தள்ளாடும் கால்கள். பிறந்ததிலிருந்து இந்தக் காட்டில் இருந்தும், தன்னைச் சுற்றி இத்தனை உயிர் மூச்சடக்கிக் கிடந்தது அவளுக்குத் தெரியாது.

சேதி அங்கே நிற்கவில்லை. ஒரு முயல் பின்னங்காலால் தரையைத் தட்டியது. புதருக்குப் புதர் தட்டல் போயிற்று. ஆள்காட்டிக் குருவி கத்திக்கொண்டே மேலெழும்பியது. காவல் நாய்களின் காலிடுக்கில் நுழைந்து ஒரு குட்டிமுயல் குளத்தை அடைந்தது. சேற்றில் கிடந்த பன்றிகள் எழுந்தன. தாய்மான்கள் குட்டிகளோடும் செவலையோடும் பனங்காட்டைச் சுற்றிக்கொண்டு குளக்கரைக்கு விரைந்தன. காடு முழுவதும் ஒரே உடம்பாக விழித்துக்கொண்டதுபோல் இருந்தது. யார் யாருக்குச் சொன்னார்கள் என்று இன்றுவரை யாராலும் சொல்ல முடியவில்லை.

வெயில் சாயும்போது நாய்ப்படை தோளோடு தோள் ஒட்டிப் புல்வெளியில் நுழைந்தது. காலில் ஒன்றும் இடறவில்லை. அழுந்திய புல் மட்டும் இருந்தது. துரை முகர்ந்து பார்த்தது. சூடு இன்னும் ஆறவில்லை.

அந்தத் தடத்தைப் பிடித்துக் குளம்வரை போய் நிமிர்ந்தது. குளக்கரை முழுக்கக் கொம்புகள். கொம்புகளுக்கிடையில் பன்றிகளின் கோரைப்பற்கள். நடுவில் ஒரு செம்மண் நிறக் குதிரை.

"நீ எங்க கப்பல் குதிரை! இந்தப் பக்கம் வா!" என்று துரை குரைத்தது.

"கப்பலை நான் பார்த்ததே இல்லை, துரை" என்றாள் செவலை.

கொம்புகள் ஓர் அடி முன்னால் வந்தன. வரிசை கலைந்தது. நாய்கள் அன்று திரும்பிப் போயின. மறுபடியும் வந்தன. சண்டை பல மழைக்காலம் நீண்டது. ஆனால் அன்றிலிருந்து ஒரு குட்டிகூடக் கூலியாகப் போகவில்லை.

காவல் நாய்களும் ஓடிப்போன பிறகு, சொக்கன் பனையிலிருந்து இறங்கி மூச்சிரைக்கக் குளக்கரைக்கு வந்தது. ஒரு கல்மேல் ஏறி நின்று தொண்டையைச் செருமியது.

"சபையோரே! நாய்கள் வருகின்றன!"

குட்டிகள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தன.

"வந்துட்டுப் போயாச்சு, தம்பி" என்றது முறுக்குக் கொம்பன். பிறகு குளத்தை விட்டு விலகி நின்று, செவலையிடம் தலையைத் தாழ்த்தியது. "முதல் தண்ணீர் உனக்கு, தாயி."

செவலை குளத்தைப் பார்த்தாள். தன் காலைச் சுற்றி முட்டிமோதும் குட்டிகளைப் பார்த்தாள்.

"முதல்ல இதுங்க குடிக்கட்டும். பாவம், தூக்கம் கெட்டுப்போச்சு" என்றாள்.

யாரும் முறை பார்க்கவில்லை. எல்லா வாய்களும் ஒன்றாகத் தண்ணீரைத் தொட்டன.

ஆபத்தை அறிந்தவர் யாராக இருந்தாலும் அதைச் சொல்லத் தகுந்தவரே. அதை முதலில் சொல்லவேண்டியது பெரியவரிடம் அல்ல, ஆபத்து யாருடைய வாசலுக்கு வருகிறதோ அவரிடம்.